சுங்கானும் இரசனையும்

சுங்கானைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகஞ் சுளிக்கும் அன்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. புகைத்தலுக்கு வக்காலத்து வாங்க நான் முன்வரவில்லை. 1962ஆம் ஆண்டில் இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியும், 1964ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தலைமை வைத்தியரும் வெளியிட்ட அறிக்கைகள் புகையிலையின் கேட்டினை உலகறிய எடுத்துரைத்தன. சிகரெட்டே தீயது, சுங்கான் சாதுவானது என்று சொல்லித் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டவர்கள் பலர். உதடு, வாய், தொண்டை, நுரையீரல் ஆகிய உறுப்புக்களிற் புற்றுநோயை விளைப்பதிலே சுங்கானுக்கும் பங்குண்டு என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. நம் நாட்டிலே 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடை செய்கின்றது. அவற்றின் விளம்பரத்தையும் விலக்குகின்றது. நல்ல சட்டம். நானும் புகைப்பதை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன.

புகை போயிற்று, சுங்கான்கள் எஞ்சின. மேசை இழுப்பறையிலே பழந்துணியிற் சுற்றிக் கிடந்த அவற்றை ஒருநாள் வரிசையாக எடுத்து வைத்தபோது, நான் வாங்கிய காலவரிசையும் அவற்றின் வடிவங்கள் மாறிச் சென்ற வரிசையும் ஒன்றாயிருக்கக் கண்டேன். ஒரு மனிதனுடைய இரசனை எவ்வழி நடந்து எங்கே வந்து சேர்ந்தது என்பதை அவை பேசாமற் பேசின. அந்த நடையையும், அதன் முடிவிலே ஒரு கைவினைஞரிடம் நான் செய்வித்துக்கொண்ட ஒரேயொரு சுங்கானின் கதையையுமே இங்கே சொல்ல விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கும் உருவம் உண்டு. நீளம், பருமன், சுற்றின் இறுக்கம், நுனியின் மடிப்பு என்பவற்றை வைத்துச் சுற்றியவரின் கைத்திறனைச் சொல்லவல்ல முதியோரை நான் அறிவேன். ஆனால் சுருட்டு எரிந்து சாம்பராகும்போது அதன் உருவமும் உடன் சாம்பராகின்றது. சுங்கான் அப்படியன்று. புகையிலைதான் எரிகின்றது, பாத்திரம் நிற்கின்றது. நிற்கின்ற பொருளைத்தான் கண் மறுபடியும் மறுபடியும் பார்க்கின்றது, கை மறுபடியும் மறுபடியும் தடவுகின்றது. செம்பு, மூக்குப்பேணி, பாக்குவெட்டி ஆகியவற்றைப் போலச் சுங்கானும் நாளாந்தம் கையிலிருக்கும் பொருள். அத்தகைய பொருளிலேதான் வடிவத்தைப் பற்றிய இரசனை வளர இடமுண்டு.

வளைந்த சுரைக்குடுக்கை

இளமையில் என்னைக் கவர்ந்தது பெரிய வளைவுள்ள சுங்கான். அதற்குக் காரணம் சேர்லக் ஹோம்ஸ் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. என் தலைமுறையினர் பலருக்கு அந்தத் துப்பறிவாளர் என்றவுடன் கண்முன் தோன்றுவன மான்வேட்டைத் தொப்பியும், மார்பிலே தொங்குவது போன்ற வளைந்த சுங்கானுமே. ஆனால் கொனன் டொயில் எழுதிய கதைகளைத் தேடிப் படித்தால் அந்த வளைந்த சுங்கான் அங்கே இல்லை. கறுத்த களிமண் சுங்கான் உண்டு. பிறையர் வேரிற் செய்தது உண்டு. நீண்ட செரி மரச் சுங்கானும் உண்டு. அக்கதைகளுக்குப் படம் வரைந்த சிட்னி பஜெற்றும் பெரும்பாலும் நேரான சுங்கானையே தீட்டினார். 1899ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அரங்கேறிய நாடகத்திலே ஹோம்ஸாக நடித்த வில்லியம் கில்லெற் வளைந்த சுங்கானைக் கையாண்டார். அந்த வளைவு பின்னர் படங்களிலும் திரையிலும் மேலும் பெருத்து, சுரைக்குடுக்கைச் சுங்கானாக மக்கள் மனத்தில் நிலைபெற்றது.

சுரைக்குடுக்கை என்று நான் சொல்வது உவமையன்று. தென்னாபிரிக்காவிலே பயிரான அந்தக் குடுக்கை, நம் வீட்டுப் பந்தரிலே காய்க்கும் சுரையின் இனமேயாகும். பாம்பாட்டியின் மகுடிக்கு வயிறாக அமைவதும் அதுவே. காய் வளரும்போதே அதன் கழுத்தைத் தக்கவாறு வளைத்துவிடுவர். முற்றிக் காய்ந்தபின் உள்ளே குடைந்து, வாயிலே வெண்ணிறக் கிண்ணம் ஒன்றைப் பொருத்துவர். கிண்ணத்தின் கீழே உள்ள வெற்றிடத்திற் புகை சற்றுத் தங்கி ஆறி வருகின்றது. 1899 முதல் 1902 வரை நடந்த போவர் யுத்தத்தின் பின்னர் இங்கிலாந்திலே இவ்வகைச் சுங்கான் பெரிதும் விரும்பப்பட்டது.

அந்த வயதில் எனக்கு ஆறிய புகையைப் பற்றி என்ன அக்கறை? தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் இவன் சுங்கான் பிடிக்கிறான் என்று தெரியவேண்டும், அவ்வளவே. அக்காலத்தில் என் தமிழ்ப் படிப்பும் அப்படியே இருந்தது. யமகத்தையும் திரிபையும் சித்திரகவியையும் கண்டால் மெய்ம்மறந்து நிற்பேன். சொல்லின் வளைவுதான் கவிதையென்று எண்ணிய பருவம் அது. அதை நான் இகழவில்லை. வளைவிலே மயங்காத இளமை பின்னர் நேர்மையின் அருமையை அறியுமா என்பது ஐயமே.

கடல்நுரைக் கல்

அடுத்து வந்தது செதுக்குவேலை மோகம். துருக்கி நாட்டின் எஸ்கிசேகிர் என்னும் ஊரைச் சுற்றியுள்ள நிலத்தடியிலே மென்மையான ஒருவகை வெண்கல் கிடைக்கின்றது. செருமானியர் அதற்கு இட்ட பெயரின் பொருள் கடல்நுரை என்பதாம். மகனீசியமும் சிலிக்காவும் கலந்த அக்கல், தோண்டி எடுத்த ஈரத்தோடு இருக்கும்போது கத்திக்கு எளிதில் இணங்கும். தலைப்பாகை தரித்த சுல்தான், சிங்கம், கழுகின் நகங்கள் பற்றிய முட்டை என்று எத்தனையோ உருவங்களை அதிற் செதுக்குவர். செதுக்கி முடிந்ததும் தேன்மெழுகிலே தோய்த்தெடுப்பர். ஆண்டுக்கணக்கிற் புகைக்கப் புகைக்க வெண்மை மாறி, முதலிலே தந்த நிறமும், பின்னர்த் தேன் நிறமும், இறுதியிற் செம்பழுப்பு நிறமும் ஏறும்.

என்னிடமிருந்தது தாடி வளர்த்த ஒரு முதியவரின் தலை. கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்த்தால் அதற்கு நிகரில்லை. கையிற் பிடித்தாலோ அவருடைய மூக்கு என் சுட்டுவிரலை உறுத்தும்; தாடியின் மடிப்புக்களிலே சாம்பர் புகுந்துகொள்ளும். கண்ணுக்கென்று செய்யப்பட்ட பொருளைக் கை ஏற்க மறுத்தது. இரசனையிற் கைக்கும் ஒரு வாக்குரிமை உண்டு என்பதை எனக்குக் கற்பித்தவர் அந்தக் கல் முதியவரே. அதன்பின் ஒரு பொருளைக் கண்டால், எடுத்துப் பிடித்துப் பார்க்காமல் அழகென்று சொல்வதை நிறுத்தினேன்.

பில்லியட் என்னும் வெண்பா

கை சொன்ன வழியே சென்றபோது பிறையர் மரத்தை அடைந்தேன். பிறையர் என்று வணிகர் சொல்வது முட்செடியன்று. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த குன்றுகளிலே, கோர்சிக்கா, கலபிரியா, கிரேக்கம், அல்ஜீரியா முதலிய இடங்களில், எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்மரம் வளர்கின்றது. தண்டும் வேரும் கூடுமிடத்தில், மண்ணுக்குள்ளே, அது ஒரு பெருங் கணுவைத் திரட்டுகின்றது. வறட்சிக் காலத்துக்கென நீரைச் சேமித்து வைக்கும் முடிச்சு அது. காட்டுத்தீ மேலே கிளைகளை எரித்துச் சென்றாலும் அதிலிருந்து மரம் மீண்டும் துளிர்க்கும். இத்தகைய கணு கைக்கொள்ளத் தக்க அளவு பருக்கப் பல பத்தாண்டுகள் செல்லும். தோண்டியெடுத்த கணுவை உலரவிடாமல் ஈரமாகப் பேணி, வாளால் துண்டுகளாக்கி, பல மணி நேரம் நீரிலே கொதிக்கவைத்துச் சாற்றையும் துவர்ப்பையும் நீக்கி, மாதக்கணக்காகவும் சிலவேளை ஆண்டுக்கணக்காகவும் நிழலில் ஆறவிடுவர். தீயைத் தாங்கும் பாத்திரத்துக்குத் தீயை வென்ற மரமே பொருந்துகின்றது.

பிரான்சு நாட்டின் யூரா மலைப்பகுதியிலுள்ள சென் குளோட் என்னும் சிற்றூர், நெடுங்காலமாக மரக்கடைசலுக்குப் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கேதான் பிறையர்ச் சுங்கான் பெருந்தொழிலாக உருக்கொண்டது. அங்கும் இங்கிலாந்திலும் வழங்கிய வடிவங்களே பின்னர் இலக்கணமாக நிலைத்தன. பில்லியட் என்பது நேரான சுவர்களையுடைய கிண்ணமும் உருண்டையான தண்டும் உடையது. கிண்ணம் ஆப்பிள் பழம்போலத் திரண்டால் அதற்கு அப்பழத்தின் பெயர். குட்டையாய் அகன்றால் பானை. மேல்நோக்கி விரிந்த கூம்பானால் டப்ளின். தண்டு சாய்சதுரமாய், கிண்ணத்தின் இடுப்பிலே இரட்டைக் கீறல் ஓடினால் புல்டோக். தண்டு நீண்டு முட்டை வடிவக் குறுக்குவெட்டுப் பெற்றால் கனேடியன். வாய்க்குழல் ஒரு முழத்தை எட்டினால் சேர்ச்வார்டன்.

இவை யாவற்றுள்ளும் எளியது பில்லியட். எளியதாகத் தோன்றுவதாலேயே அரியதும் அதுவே. கிண்ணத்தின் உயரமும் தண்டின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. இரண்டு மில்லிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் கண் உடனே குறை சொல்லும். மறைத்துக்கொள்ள ஓர் அலங்காரமும் அங்கில்லை. வெண்பாவைப் போன்றது அது. தளை தட்டினால் அறியாதவனும் தடுக்கி விழுவான். 1907ஆம் ஆண்டில் இலண்டன் டியூக் வீதியிற் கடை திறந்த அல்பிரெட் டன்ஹில், இத்தகைய எளிய வடிவங்களைத் துல்லியமாகச் செய்விப்பதிலேயே தம் பெயரை நிலைநாட்டினார். அவருடைய சுங்கானின் கரிய வாய்க்குழலிலுள்ள வெள்ளைப் புள்ளி, மேற்புறம் எது என்று காட்டுவதற்காக இடப்பட்ட அடையாளமே. பயனுக்காக வந்த புள்ளி பின்னர்ப் பெருமையின் சின்னமாயிற்று.

அந்த வாய்க்குழலைப் பற்றியும் ஒரு சொல். கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்து இறுக்கிய றப்பரே எபனைற்று. பிரேசிலிலிருந்து வந்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, 1876ஆம் ஆண்டிலே நாற்றுக்களாக இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகேயுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. சுங்கானின் மரம் மத்தியதரைக் கடலுக்குரியதாயினும், அதன் வாய்க்குழலின் மூலப்பொருள் நம் தோட்டங்களுக்கு அந்நியமன்று.

கொப்பன்ஹேகன் காட்டிய வழி

பல ஆண்டுகள் பில்லியட்டின் அடியவனாக இருந்தேன். பின்னரே டென்மார்க்கு நாட்டுச் சுங்கான்களைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. சுவீடனிலே 1910ஆம் ஆண்டிற் பிறந்து கொப்பன்ஹேகனில் வாழ்ந்த சிக்ஸ்தன் இவர்சொன் என்னும் கலைஞர், சுங்கான் திருத்தும் பட்டறையிலே தொழிலைத் தொடங்கியவர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் அவர் இத்தொழிலின் போக்கையே மாற்றினார். அதுவரை வடிவம் முதலிலே தீர்மானிக்கப்படும். மரம் அதற்கு அடங்கவேண்டும். அவரோ மரத்தின் இழை எவ்வழி ஓடுகின்றது என்று பார்த்து, அதற்கேற்ப வடிவத்தை அமைத்தார்.

இழை என்பது என்ன? பிறையர்க் கணுவின் நடுவிலிருந்து நார்கள் நாற்புறமும் கதிர்போல விரிந்து மேற்பரப்பை நோக்கிச் செல்கின்றன. பக்கவாட்டிற் பார்த்தால் அவை தீச்சுடர்போல எழும் கோடுகள். நுனிப்பக்கமாகப் பார்த்தால் நெருங்கிய சிறு வட்டங்கள்; அவற்றைக் குருவிக்கண் என்பர். கோடுகள் கிண்ணத்தின் சுவரிலே நேராக ஏறி, விளிம்பிலும் அடியிலும் குருவிக்கண்ணாக முடியுமாறு கட்டையை நிறுத்தத் தெரிந்தவரே வல்லவர். பில்லியட்டின் நேர்ச்சுவர் இழையின் விரிவைக் குறுக்கே வெட்டிவிடுகின்றது. இழை விரியும் கோணத்திலேயே கிண்ணமும் விரிந்தால் ஒரு கோடும் அறுபடாது.

டேனியக் கலைஞர் சிலரின் ஆக்கங்கள் ஆழிச் சங்குபோலவும் மொட்டவிழும் பூப்போலவும் இருந்தன. அவற்றை வியந்தேன், ஆனால் வேண்டும் என்று மனம் கேட்கவில்லை. விதியற்ற வடிவத்தில் எனக்கு நிலைகொள்ள இயலவில்லை. விதியை மறந்து இழையை மட்டும் நோக்கும் வடிவமும், இழையை மறந்து விதியை மட்டும் நோக்கும் வடிவமும் ஒருசேர எனக்கு அரைகுறையாகத் தோன்றின. இவ்விரண்டின் நடுவே ஒன்று இருத்தல் கூடும் என்று எண்ணினேன். அது டப்ளின் என்னும் பழைய கூம்பு வடிவமே என்பது மெல்ல மெல்லத் தெளிந்தது. இலக்கணத்தில் இடம்பெற்ற வடிவம் அது. இழையின் விரிவோடும் இசைந்தது. நான் விரும்பிய அளவிற் கடைகளிற் கிடைக்கவில்லை. ஒன்றைச் செய்வித்துக்கொள்வதென்று துணிந்தேன்.

கைவினைஞரின் வினாக்கள்

அப்போது நான் புகைப்பதை விட்டுவிட்டேன். புகைக்காதவனுக்குச் சுங்கான் எதற்கு? இவ்வினாவை நான் என்னையே கேட்டுக்கொண்டேன்; வீட்டாரும் கேட்டனர். இருபது ஆண்டுகளாகப் பார்த்தும் பிடித்தும் ஆராய்ந்தும் வந்த ஒரு வடிவத்தைப் பற்றி, இதுதான் எனக்குரியது என்று ஒருமுறையாவது சொல்லிப் பார்க்கவேண்டும் என்னும் அவா ஒன்றே நான் அவர்களுக்குக் கூறிய விடை.

கொப்பன்ஹேகனுக்கு வெளியே சிறு பட்டறை வைத்திருக்கும் ஒரு கைவினைஞருக்கு எழுதினேன். என் வரைபடத்தையும் அனுப்பினேன். கிண்ணத்தின் உயரம் 52 மில்லிமீற்றர். தண்டின் நீளம் 50. வாய்க்குழலோடு முழு நீளம் 145. பதிலாக வந்த கடிதத்தில் வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வினாக்களே இருந்தன. எந்தக் கையாற் பிடிப்பீர்? வாயின் எப்பக்கத்திலே கடிப்பீர்? பற்கள் சொந்தமா, கட்டியவையா? ஒருமுறை அமர்ந்தால் எவ்வளவு நேரம்? எழுதும்போதா, நடக்கும்போதா?

நான் உண்மையைச் சொன்னேன். புகைப்பதில்லை, இனியும் புகைக்க எண்ணமில்லை, வடிவத்தின்மேல் உள்ள விருப்பமே காரணம் என்றேன். வேலையை ஏற்க மறுப்பார் என்றே எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். புகைப்பவருக்குச் செய்வதைப் போலவே இதையும் செய்வாராம். ஓர் அளவிலும் விட்டுக்கொடுக்கமாட்டாராம். ஆகவே முன்னைய வினாக்களுக்கு, நான் புகைத்த காலத்தை நினைந்து விடையெழுதவேண்டும் என்று கேட்டார்.

அந்த நிபந்தனையின் நியாயம் பின்னரே எனக்கு முழுதும் விளங்கியது. சுங்கானின் வெளிவடிவம் உள்வடிவத்துக்குக் கட்டுப்பட்டது. கிண்ணத்தின் உட்குழி ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் விட்டமுடையது. சூட்டைத் தாங்கச் சுவர் போதிய தடிப்புடன் இருத்தல் வேண்டும். காற்றுவழி ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். அது தண்டின் நடுவே ஓடிக் குழியின் அடியிலே நேர் நடுவிற் சென்று திறக்கவேண்டும். சற்று மேலே திறந்தால் அடியிற் புகையிலை எரியாமல் நனைந்து கிடக்கும். வாய்க்குழலின் முளை தண்டின் துளையிலே இடைவெளியின்றி அமரவேண்டும். சுத்தஞ் செய்யும் கம்பியைச் செலுத்தினால் எங்கும் தட்டாமல் அடிவரை சென்று சேரவேண்டும். பல்லாற் கௌவிப் பிடிக்கும் பொருளாகையாற் பாரமும் குறையவேண்டும். இத்தனை கட்டாயங்களின் நடுவேதான் வடிவம் தன் சுதந்திரத்தைத் தேடுகின்றது. அவற்றைத் தளர்த்திவிட்டால் அது சுங்கானின் வடிவமாகாது. சுங்கானைப் போன்ற ஒரு சிலையின் வடிவமாகும். முன்னர் என்னிடமிருந்த கல் முதியவரை நினைத்துக்கொண்டேன்.

கடுகளவு பள்ளம்

சில மாதங்களின்பின் இன்னொரு கடிதம் வந்தது. கட்டை நன்றாக அமைந்திருந்தது. கோடுகள் நான் விரும்பியவாறே கூம்பின் சுவரில் ஏறின. அரத்தால் இறுதி உருவத்தை நெருங்கும் வேளையில், வலப்பக்கத்திலே, விளிம்புக்கு நான்கு மில்லிமீற்றர் கீழே, கடுகளவு பள்ளம் ஒன்று வெளிப்பட்டதாம். மண்ணுக்குள் வளரும் கணுவாகையால், மணற்றுகள் முதலியவை உட்புகுந்து இத்தகைய குழிகள் உண்டாகின்றன. கட்டையின் வெளிப்புறத்தைப் பார்த்து உள்ளே இருப்பதை எவராலும் அறிந்துகொள்ள முடியாது. முக்காற் பங்கு வேலை முடிந்தபின் அது தோன்றும். கைவினைஞரின் பல நாள் உழைப்பு அதனோடு வீணாகும்.

மரத்தூளும் பசையும் கலந்து பள்ளத்தை அடைத்து, அதன்மேற் சாயம் பூசி மறைப்பது மலிவான பட்டறைகளின் வழக்கம். இவர் அதைச் செய்வதில்லை. எனக்கு நான்கு வழிகளை எழுதியிருந்தார். பள்ளத்தை அப்படியே விடலாம். புகைப்பதற்கு ஓர் இடையூறும் இல்லை. மேற்பரப்பு முழுவதிலும் மணலை வீசி, இழைகளுக்கு இடைப்பட்ட மென்மையை அரித்து, மேடுபள்ளமாக்கலாம். டன்ஹில் 1917ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்ற முறை அது. விளிம்பைத் தாழ்த்திப் பள்ளத்தை வெட்டி நீக்கலாம். அன்றேல் இக்கட்டையைக் கைவிட்டு வேறொன்றிற் புதிதாகத் தொடங்கலாம். மேலதிக விலை கேட்கமாட்டார், காத்திருத்தலே வேண்டும். தம் விருப்பம் கடைசி வழியே என்றும், முடிவு என்னுடையது என்றும் முடித்திருந்தார்.

இருபது ஆண்டு இரசனையும் அன்றைக்குத்தான் பரீட்சை மண்டபத்துக்குச் சென்றது எனலாம். கடையிலே தேர்ந்தெடுப்பது எளிது. அங்கே கண்முன் இருப்பனவற்றுள் ஒன்றைச் சுட்டினாற் போதும். இங்கோ இன்னும் இல்லாத நான்கு பொருள்களுள் ஒன்றைச் சொல்லவேண்டும். சொன்னபின் மாற்ற இயலாது. எனக்குப் பிடித்தது என்று இத்தனை காலமும் சொல்லிவந்தது உயரத்தையா, இழையையா, குற்றமின்மையையா என்று பிரித்துப் பார்க்கவேண்டியதாயிற்று. மணல் வீசினால் கோட்டின் தெளிவு போகும். அதை முதலிலேயே தள்ளினேன். பள்ளத்தை விட்டால் என் விரல் நாள்தோறும் அங்கேயே சென்று நிற்கும் என்பதை நான் அறிவேன். எஞ்சியவை இரண்டு.

மூன்று சவர்க்காரக் கட்டிகளை வாங்கிவந்து, பேனாக்கத்தியால் மூன்று மாதிரிகள் செதுக்கினேன். ஒன்று 52 மில்லிமீற்றர் உயரம், என் பழைய வரைபடத்தின்படி. மற்றொன்றில் விளிம்பை 45க்குத் தாழ்த்தி, விகிதம் கெடாதவாறு தண்டையும் 43 ஆக்கினேன். மூன்றாவதில் உயரத்தை மட்டும் தாழ்த்தித் தண்டை 50ஆகவே விட்டேன். கிண்ணமும் தண்டும் ஒத்திருக்கவேண்டும் என்னும் பில்லியட் விதியைக் கைவிட மனம் இசையவில்லையாதலால், இரண்டாவதே வெல்லும் என்று எண்ணினேன். ஒரு வாரம் மூன்றையும் மேசைமேல் வைத்து, பாடக் கொப்பிகளைத் திருத்தும் இடைவேளைகளிலே மாறிமாறி எடுத்துப் பார்த்தேன். முதலாவது உயர்ந்து நிமிர்ந்து நின்றது. சற்று அகந்தை அதிற் தெரிந்தது. இரண்டாவது ஒழுங்காக இருந்தது. குறுகிப்போனது போலவும் இருந்தது. கை தானாகச் சென்று எடுத்தது மூன்றாவதையே. தாழ்ந்த கூம்பின் விரிவும் நீண்ட தண்டின் ஓட்டமும் ஒன்றையொன்று ஈடு செய்தன. பெருவிரல் தண்டின்மேல் இளைப்பாற இடமும் இருந்தது. விதி மீறப்பட்டது, ஆனால் அந்த விதி பில்லியட்டின் நேர்ச்சுவருக்கு விதித்ததன்றோ? விரியும் சுவருக்கு அதே அளவுகோலை நீட்டுவது, ஆசிரியப்பாவிலே வெண்டளை பிழைத்தது என்று குறை காண்பதை ஒக்கும்.

கட்டையை மாற்றவேண்டாம், விளிம்பைத் தாழ்த்துக, தண்டைத் தொடவேண்டாம் என்று எழுதினேன். சவர்க்கார மாதிரியின் அளவுகளையும் குறித்தனுப்பினேன். ஆறு நாட்களிற் பதில் வந்தது. தாமும் ஒரு துண்டுக் காகிதத்தில் வெட்டிப் பார்த்ததாகவும், என் முடிவை ஏற்பதாகவும், வாய்க்குழலை மட்டும் மூன்று மில்லிமீற்றர் குறைக்க அனுமதி வேண்டுமென்றும் கேட்டிருந்தார். நீண்ட தண்டுக்கு நீண்ட குழல் சேர்ந்தால் முன்பாரம் கூடி, பல்லுக்கு நோவு தருமாம். புகைக்காத என் பல்லுக்காக அவர் கவலைப்பட்டது எனக்கு நகைப்பையும் மரியாதையையும் ஒருங்கே தந்தது. சம்மதித்தேன்.

செய்விப்போர் எங்கே?

சுங்கான் வந்து சேர்ந்தது. சாயம் பூசாத இளம்பழுப்பு மரம். விளிம்பிலே நெருங்கிய குருவிக்கண். சுவரிலே அறுபடாத கோடுகள். கம்பியைச் செலுத்திப் பார்த்தேன். எங்கும் தட்டாமற் குழியின் அடியை அடைந்தது. உட்குழியிலே கரி இல்லை, இருக்கப்போவதுமில்லை. ஆயினும் ஒளியாலும் கைபடுவதாலும் மரம் சிறிது சிறிதாகக் கறுத்துவருகின்றது.

அதைப் பார்க்கும்போதெல்லாம் என் எண்ணம் வேறொன்றிற் செல்கின்றது. ஒரு பொருளைச் செய்வித்துக்கொள்ளும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. பொற்கொல்லரை வீட்டுக்கு வரவழைத்து, கண்முன்னே நிறுத்து, கண்முன்னே தட்டுவித்து நகை செய்தனர் நம் முன்னோர். தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கிலே அவ்வழக்கத்தின் நிழல் இன்றும் நிற்கின்றது. தச்சரிடம் பெட்டகத்துக்கு அளவு சொன்ன பாட்டிமார், எத்தனை அறை, எவ்விடத்திற் பூட்டு, எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று காரணத்தோடு சொன்னார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் அழகியல் கற்றவர்களல்லர். ஆனால் தமக்கு வேண்டியது இன்னதென்றும், அது ஏன் வேண்டுமென்றும் சொல்லத் தெரிந்தவர்கள். செய்வோரின் திறம் வளர்ந்ததற்கு அவ்வாறு கேட்பவர்கள் இருந்ததும் ஒரு காரணம். கேட்பவர் இல்லாவிடத்து வல்லவரின் கையும் நாளடைவில் மழுங்கும்.

இன்று நாம் பெரும்பாலும் கடையிற் கிடைப்பனவற்றுள் ஒன்றைச் சுட்டுகின்றோம். கிடைத்ததற்கேற்ப விருப்பத்தை வளைத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். கவிதைக்கும் இது பொருந்தும். நன்று, தீது என்று சொல்ல மாணவருக்குக் கற்பிக்கின்றோம்; ஏன் நன்று, எவ்வளவில் நன்று, எதை மாற்றினாற் கெடும் என்று சொல்லப் பழக்குகின்றோமா? என் வகுப்பிலே இப்பொழுது ஒரு பயிற்சி வைத்திருக்கின்றேன். ஒரு செய்யுளைக் கொடுத்து, அதிலே ஓர் அடியைக் குறைக்கவேண்டி நேர்ந்தால் எந்த அடியைக் குறைப்பாய், எஞ்சியதை எவ்வாறு சரிசெய்வாய் என்று கேட்பேன். முதல் நாளிற் பலர் விழிப்பர். இரண்டு மூன்று வாரங்களில் வாதாடத் தொடங்குவர். பின்னர் ஒருவர் எடுத்த முடிவை மற்றவர் ஏற்க மறுப்பர். அந்த ஆரவாரத்தைக் கேட்டு அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்ததும் உண்டு.

சுங்கான்கள் என் மேசையில் வரிசையாகவே இருக்கின்றன: வளைந்த சுரைக்குடுக்கை, கல் முதியவர், மூன்று பில்லியட்டுகள், கடைசியில் இந்தத் தாழ்ந்த டப்ளின். ஒன்றையும் நான் அப்புறப்படுத்தவில்லை. சவர்க்கார மாதிரிகளுள் இரண்டு கரைந்து போயின. வீட்டார் கை கழுவப் பயன்படுத்திவிட்டார்கள். மூன்றாவது மட்டும் இழுப்பறைக்குள் பத்திரமாக இருக்கின்றது.